பனி குளிருது... பாதம் எரியுது!

டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஜனவரி மாதத்து ஒரு சனிக்கிழமை. ராத்திரி முழுக்கக் கொட்டிய பனி விடிகாலையில்தான் நின்றிருக்கிறது. அடுக்குமாடிக் கட்டடத்தின் கதவு திறந்ததும், சென்னை வேளச்சேரியில் வளர்ந்த ஆறு வயது லாப்ரடார் ஒன்று கயிற்றை இழுத்துக்கொண்டு வெளியே பாய்கிறது. இருபது அடி போனதும் சட்டென்று நிற்கிறது. முன்னங்கால் ஒன்றைத் தூக்குகிறது. அதை இறக்கிவிட்டுப் பின்னங்காலைத் தூக்குகிறது. அப்புறம் மூன்று காலில் நொண்டிக்கொண்டே போய், நடைபாதை ஓரத்துப் பனிக்குவியலில் ஏறி நிம்மதியாக நின்றுகொள்கிறது.

"குளிர் தாங்கல போல, பாவம்" என்கிறார் கணவர்.

"குளிர்னா பனி மேலயா ஏறி நிக்கும்? நல்லாப் பாருங்க!" என்கிறார் மனைவி.

மனைவி சொன்னதுதான் சரி. நாயை நொண்ட வைத்தது பனி இல்லை, உப்பு. பக்கத்து வீட்டு வாசலில், எதிர்ப்பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில், காப்பிக் கடைப் படிக்கட்டில் என்று எங்கு பார்த்தாலும் பொங்கல் கோலத்துக்குக் கல்லுப்பைக் கொட்டிவிட்டதுபோல வெள்ளையும் நீலமுமாகப் பரவிக் கிடக்கிறது.

பனிக்காலத்தில் நாயோடு கொண்டாட டொரன்டோவில் இடத்துக்குப் பஞ்சமில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மே மாதத்துச் சென்னையில் டைல்ஸ் தரையோடு வயிற்றை ஒட்டிப் படுத்து இரைக்கிற லாப்ரடாருக்குக் கனடா அயல்நாடே அல்ல, பூர்வீகம். நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு குளிர்கடலில் இறங்கி வலை இழுத்த செயின்ட் ஜான்ஸ் நாய்தான் அதன் மூதாதை. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பிரபுக்கள் அதைக் கப்பலில் கொண்டுபோய் வேட்டைக்குப் பழக்கி உருவாக்கியதுதான் இன்றைய லாப்ரடார். மூதாதை இனம் 1980களில் அற்றுப்போய்விட்டது. ஆனால் தண்ணீர் ஒட்டாத மேல்முடியும், அடியில் மெத்தென்ற உள்முடியும் பேரப்பிள்ளைகளிடம் அப்படியே இருக்கின்றன. வேளச்சேரியில் கழற்ற முடியாத கம்பளியாகச் சுமந்த அந்த முடி, டொரன்டோவில்தான் உருப்படியாகப் பயன்படுகிறது.

ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களோ வேறு சாதி. உள்முடியே கிடையாது, உடம்பில் கொழுப்பும் குறைவு. மைனஸ் ஐந்திலேயே கோட்டு கேட்கும். நம்மூர் நாயைத் தத்தெடுத்து அங்கே அனுப்புகிற வழியும் இப்போது அடைபட்டுவிட்டது. வெறிநோய் அபாயம் மிகுந்த நாடுகளிலிருந்து விற்பனைக்கோ தத்துக்கோ நாய் கொண்டுவரக் கூடாது என்று 2022 செப்டம்பர் 28 முதல் கனடாவில் தடை. இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் உண்டு. குடும்பத்தோடு குடிபெயரும் சொந்த நாய்க்கு மட்டும், தடுப்பூசிச் சான்றிதழோடு வழி இருக்கிறது. வேளச்சேரி லாப்ரடார் வந்ததும் அப்படித்தான்.

டொரன்டோ நகரப் பரப்பில் ஏறக்குறைய 17 சதவீதம் ஓடைப் பள்ளத்தாக்குகள். சுமார் 11,000 ஹெக்டேர். தெருவிலிருந்து பத்து நிமிடம் இறங்கினால் நகரமே காதில் விழாது. ஸ்கார்பரோவில் மார்னிங்சைட் பூங்கா, அதன் நடுவே ஓடும் ஹைலாண்ட் க்ரீக், கிழக்கே 2015இல் உருவான ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா. மேற்கே போனால் 161 ஹெக்டேர் ஹை பார்க். கயிற்றை அவிழ்த்துவிட நகரமெங்கும் வேலியிட்ட தனி இடங்கள் இருக்கின்றன. மற்ற இடங்களில் கயிறு கட்டாயம், அதுவும் இரண்டு மீட்டருக்கு மேல் நீளக்கூடாது.

புதுப்பனியில் அவிழ்த்துவிட்ட நாயைப் பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும். மூக்கால் உழும், முதுகைத் தேய்த்துப் புரளும், பின்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு வட்டமடித்து ஓடும். யாரும் துரத்தாமலே தப்பி ஓடும். வேலைக்கு வந்து மூன்றாவது குளிர்காலத்திலும் ஊரை நினைத்துச் சுருண்டு கிடக்கிற மனிதரை, காலை ஆறரைக்கு மைனஸ் பன்னிரண்டில் வெளியே இழுத்துக்கொண்டு போக அதனால்தான் முடிகிறது. பக்கத்துக் கட்டடத்துக்காரரோடு முதல் பேச்சு பெரும்பாலும் நாயை முன்னிட்டுத்தான் தொடங்குகிறது. நாயின் பெயர் தெரியும், ஆளின் பெயர் தெரியாது என்ற அளவில் பல நட்புகள் அங்கே வருடக்கணக்கில் ஓடுகின்றன.

வெறுங்காலோடு அது பனியில் நிற்பது எப்படி என்பதற்கும் விடை கிடைத்திருக்கிறது. பாதத்துக்குப் போகும் சூடான ரத்தக் குழாயும், அங்கிருந்து திரும்பும் குளிர்ந்த ரத்தக் குழாயும் ஒன்றையொன்று ஒட்டிப் போகின்றன. போகிற ரத்தம் தன் சூட்டைத் திரும்பிவரும் ரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ஆகவே உடம்பின் சூடு பனியில் வீணாவதில்லை, பாதமும் உறைவதில்லை. பெங்குவின் காலில் இருக்கும் அதே ஏற்பாடுதான். நாய்க்கும் இது உண்டு என்று 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்காக எல்லாக் குளிரையும் தாங்கும் என்று அர்த்தமில்லை. மைனஸ் இருபதில் காது நுனியும் வால் நுனியும் உறைந்துபோகலாம். ஆனால் சாதாரணப் பனி நாளுக்கு அந்தப் பாதம் போதும்.

பனிக்காகப் படைத்த பாதம் அது. உப்புக்காகப் படைத்ததல்ல.

அந்த உப்பு எங்கிருந்து வருகிறது? டொரன்டோவுக்கு மேற்கே, ஹூரன் ஏரிக்கரையில் காட்ரிச் என்று ஒரு சிற்றூர். 1866இல் அங்கே எண்ணெய் தேடித் துளைபோட்டவர்களுக்கு உப்புதான் கிடைத்தது. இன்று உலகிலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அங்கேதான் இருக்கிறது. ஏரிக்கடியில், 500 மீட்டருக்கும் மேலான ஆழத்தில். தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் காய்ச்சித் தருகிற அதே சோடியம் குளோரைடு, அங்கே பாறையாக வெட்டி எடுக்கப்படுகிறது. கனடா முழுக்கச் சாலையில் கொட்டப்படுவது ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன். டொரன்டோ மாநகரம் மட்டும் லட்சம் டன்னுக்கு மேல். கடைக்காரரும் வீட்டுக்காரரும் வாளியில் வாங்கித் தூவுவது மாநகரத்தின் கணக்கில் சேராது.

டொரன்டோவின் குளிர்தான் இதற்குத் தோது. பகலில் பூஜ்யத்துக்கு மேலே போய் உருகும், இரவில் கீழே இறங்கி உறையும், மறுநாள் மறுபடி உருகும். சாதாரண உப்பு மைனஸ் 10 வாக்கில் சோர்ந்துவிடும். வின்னிபெக் மாதிரி ஊர்களில் குளிர் அதையும் தாண்டிப் போவதால் மணல்தான் கைகொடுக்கிறது. டொரன்டோவிலோ உப்பு வேலை செய்கிற குளிர். அதனால் அள்ளி வீசுகிறார்கள்.

இன்னொரு காரணம் வழக்குப் பயம். யாராவது வாசலில் வழுக்கி விழுந்தால் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வரும். பனி அள்ளும் ஒப்பந்தக்காரருக்கு அதைவிட ஒரு மூட்டை உப்பு மலிவு. விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2021 முதல் ஒன்டாரியோவில் சட்டம் இறுகியிருக்கிறது. ஆனாலும் அள்ளி வீசிப் பழகிய கை சுருங்கவில்லை.

நாய்க்கு என்ன ஆகிறது? குளிரில் ஏற்கெனவே வறண்டு வெடித்த பாதத்தில், விரலிடுக்கில், உப்புக்கல் போய் உட்காருகிறது. வெட்டுக்காயத்தில் உப்பு பட்டால் எப்படியோ அப்படி. கடும் குளிருக்கென்று விற்கப்படும் கால்சியம் குளோரைடு இன்னும் மோசம். தண்ணீரில் கரையும்போது அதுவே சூட்டைக் கக்கும். ஈரப் பாதத்தைச் சுட்டுப் புண்ணாக்கும். வீட்டுக்கு வந்ததும் நாய் காலை நக்குகிறது. வாந்தியும் பேதியும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. நக்குவதால் மட்டும் உயிர் போவது அபூர்வம். திறந்து கிடக்கும் உப்பு வாளியில் வாய் வைத்தால்தான் ஆபத்து. உடல் எடையில் கிலோவுக்கு இரண்டு கிராம் உப்பு போனாலே நஞ்சின் அறிகுறிகள் தெரியத் தொடங்கும், நான்கு கிராம் உயிருக்கே உலை. 30 கிலோ லாப்ரடாருக்கு இது பெரிய அளவு. ஐந்து கிலோ பொமரேனியனுக்கோ இரண்டு தேக்கரண்டிகூட வேண்டாம்.

"நாய்க்குப் பாதுகாப்பானது" என்று படம் போட்ட வாளிகளும் கடையில் உண்டு. சிலவற்றில் இருப்பது நம்மூர் வயலுக்குப் போடும் அதே யூரியா. எரிச்சல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பூட்ஸ் போட்டுவிடலாமே என்பார்கள். போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கூத்து. வேளச்சேரி லாப்ரடார் முதல் தடவை நாலு பூட்ஸோடு கூடத்தில் நடந்தபோது, ஒவ்வொரு காலையும் நெஞ்சு வரை தூக்கி வைத்தது, குதிரையாட்டம் ஆடுகிற மாதிரி. மின்தூக்கியில் கூட வந்த யாழ்ப்பாணத்து அம்மம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எங்கட ஊரில நாய்க்குச் சோறு வைக்கிறதே பெரிய காரியம், பிள்ளை. நீர் அதுக்குச் சப்பாத்தெல்லோ போட்டு விட்டிருக்கிறீர்!"

சொன்னவரே மறுவாரம் வாசலில் காலைத் தூக்கி நின்ற நாயைப் பார்த்துவிட்டு, "உந்த உப்பை ஆர் இப்பிடிக் கொட்டினது?" என்று காவலாளியிடம் சண்டைக்குப் போனார். அதற்குள் நான்கில் ஒரு பூட்ஸ் பனிக்குள் புதைந்து தொலைந்திருந்தது.

உப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும், டொரன்டோ நடைபாதைகளில் நடந்துபோன நாய்கள் மின்சாரம் தாக்கிச் செத்தன. தெருவிளக்குக் கம்பியின் உறையை ஈரமும் உப்பும் அரிக்கின்றன. உப்புக் கரைசல் மின்சாரத்தைச் சுலபமாகக் கடத்துகிறது. ரப்பர் பூட்ஸ் போட்ட மனிதருக்கு ஒன்றும் தெரியாது. வெறுங்காலில் நடக்கும் நாய் அலறி விழும். நகரம் முழுக்க நிலத்தடி மின்பெட்டிகளைச் சோதித்துச் சரிசெய்தார்கள். இருந்தாலும் பழைய ஆட்கள் இன்றும் விளக்குக் கம்பத்தில் நாயைக் கட்ட மாட்டார்கள், நடைபாதையின் இரும்பு மூடியைச் சுற்றித்தான் கூட்டிப் போவார்கள்.

உப்பு அங்கேயே கிடப்பதும் இல்லை. மார்ச்சில் பனி உருகியதும் சாக்கடை வழியாக ஹைலாண்ட் க்ரீக்குக்குப் போகிறது, அங்கிருந்து ஒன்டாரியோ ஏரிக்கு. இலையுதிர்காலத்தில் சால்மன் மீன் எதிர்நீச்சல் போட்டு ஏறிவரும் அதே ஓடை. நன்னீர் உயிர்கள் நீண்டகாலம் தாங்கக்கூடிய குளோரைடு, லிட்டருக்கு 120 மில்லிகிராம் என்பது கனடாவின் வரையறை. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு தேக்கரண்டி உப்பு இரண்டு குடம் நல்ல தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். பிறகு அதை வடிகட்டி எடுக்க மலிவான வழி எதுவும் இல்லை. சாலை உப்பு சூழலுக்கு நஞ்சு என்று கனடா அரசின் மதிப்பீடே 2001இல் முடிவு சொல்லிவிட்டது. 2004இல் நடைமுறை வழிகாட்டி வந்தது. விருப்பம் இருந்தால் பின்பற்றலாம்.

உப்பில்லாவிட்டால் வயதானவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பெர்லினில் வீட்டுக்காரர்கள் நடைபாதையில் உப்புத் தூவ நெடுநாளாகத் தடை இருக்கிறது, மணலும் பொடிக்கல்லும்தான். ஹெல்சிங்கியில் நடைபாதைக்குச் சரளைக்கல். அது நாயின் காலைக் குத்தும் என்ற புகார் அங்கேயும் உண்டு, ஆனால் ஏரியில் கரையாது, வசந்தத்தில் பெருக்கி அள்ளிவிடலாம்.

டொரன்டோவில் நாய் வளர்ப்பவர்கள் தங்களுக்குள் சில வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். 'குளிர்காலப் பராமரிப்பு இல்லை' என்று நகராட்சிப் பலகை மாட்டிய பூங்காப் பாதையைப் பார்த்தால் மற்றவர்கள் திரும்பிப் போவார்கள். இவர்கள் அங்கேதான் நுழைவார்கள். உப்பு படாத பனி அங்கேதான் கிடைக்கும். கிளம்புமுன் பாதத்தில் மெழுகுத் தைலமோ வாசலினோ தடவுகிறார்கள். விரலிடுக்கு முடியைக் கத்தரித்துவிட்டால் பனிக்கட்டி உருண்டை கட்டாது. வாசலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு ஒரு பாத்திரமும் பழைய துண்டும் தயாராக இருக்கும். நாலு காலையும் முக்கித் துடைத்த பிறகுதான் வீட்டுக்குள் அனுமதி. வாசலில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவது நம் பாட்டிமார் சொன்ன வழக்கம்தானே.

வாசலுக்கு எவ்வளவு உப்பு வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. முதலில் ஷவல் போட்டுப் பனியை அள்ளிவிட வேண்டும். அப்புறம் இருபதடி வண்டிப்பாதைக்கு ஒரு காப்பிக் குவளை உப்பு போதும். கல்லுக்குக் கல் மூன்று அங்குலம் இடைவெளி இருந்தாலே பனி இளகும். காலடியில் நறநறவென்று நெரிபட்டால் அது கூடுதல். ஸ்கார்பரோ வாசல்கள் பலவும் நறநறக்கின்றன.

டொரன்டோவில் இருக்கும் மகளோ மருமகனோ இந்த வாரம் வீடியோ காலில் நாயைப் பனியில் ஓடவிட்டுக் காட்டினால், கண்குளிரப் பாருங்கள். கூடவே, உப்பு வாளியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். மூடியை இறுக்கி, உயரத்தில் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள்.