ஊர் விட்டு ஊர் சென்ற பள்ளி

இங்கிலாந்தில் ‘கிராமர் பள்ளி’ என வழங்குபவை, பெயருக்கேற்ப, முற்காலத்தில் இலத்தீன் இலக்கணம் பயிற்றுவதற்காக எழுந்தவை. காலப்போக்கில் அவற்றில் கணிதமும் அறிவியலும் பிற மொழிகளும் இடம்பெற்றன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கட்டணம் செலுத்த வல்லார் வீட்டுப் பிள்ளைகளும், பதினோராம் வயதுத் தேர்வில் தேறி உதவி பெற்ற எளியோர் வீட்டுப் பிள்ளைகளும் அவற்றில் ஒருங்கே பயின்றனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இத்தகைய ஆண்கள் பள்ளிகளில் கற்றவர்கள் பிற்காலத்தில் தம் நினைவுகளை எழுதியும் சொல்லியும் வைத்துள்ளனர். அவற்றின் பொருளை அறிய டோவர் நகரத்துப் பள்ளியின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

கடலோரத்துப் பள்ளி

டோவர், இங்கிலாந்தின் தென்கிழக்குக் கோடியில் உள்ள துறைமுகம். அதற்கும் பிரான்சுக் கரைக்கும் இடையே உள்ள கடலின் அகலம் ஏறத்தாழ 21 மைலே. அவ்வூர் ஆண்கள் பள்ளி 1905இல் தொடங்கப்பெற்றது. 1931இல் புதிய கட்டடத்துக்கு மாறியது. அந்நாளில் அது கவுண்டி பள்ளி எனப்பட்டது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தையொட்டியே கிராமர் பள்ளி என்னும் பெயர் பெற்றது.

1940 மே 26 முதல் ஜூன் 4 வரை, டன்கர்க் கடற்கரையில் சிக்கிய நேசநாட்டு வீரர் 338,000 பேர் கப்பல்களில் மீட்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் டோவரில் கரையிறங்கினர். எதிரி எதிர்க்கரைக்கே வந்துவிட்டான் என்பது அதனால் ஐயமறத் தெரிந்தது. மீட்புப் பணி முடியுமுன்பே, ஜூன் 2ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையன்று, டோவர் நகரப் பிள்ளைகள் ரயிலேற்றப்பட்டனர். ஆண்கள் பள்ளி, ஆசிரியர்களும் மாணாக்கருமாக, ஏறத்தாழ 200 மைலுக்கு அப்பாலுள்ள தென் வேல்ஸ் நாட்டு எப்பு வேல் என்னும் ஊருக்குச் சென்றது. நிலக்கரியும் எஃகும் அந்நாளில் விளைந்த மலைப்பள்ளத்தாக்கு அது. கடலும் கப்பலும் கண்டு வளர்ந்த சிறுவர்களுக்கு, சுரங்கமும் உலைத்தீயும் சூழ்ந்த அவ்வூர் வேற்றுலகமாகவே தோன்றியிருக்கும்.

அடையாளச் சீட்டும் அயலார் வீடும்

பெயர்ந்து சென்ற பள்ளிகளின் பழைய மாணாக்கர் கூறும் செய்திகளில் சில மீண்டும் மீண்டும் வருவன. சட்டையில் கட்டிய அடையாளச் சீட்டு, தோளில் தொங்கிய அட்டைப் பெட்டியில் நச்சுவாயுக் கவசம், எங்கே போகிறோம் என்று அறியாத ரயில் பயணம் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. அடுத்து வருவது, மண்டபத்தில் வரிசையாக நின்ற நேரம். ஊரார் வந்து தமக்கு வேண்டிய பிள்ளையைத் தெரிந்தெடுத்துச் சென்றனர். கடைசிவரை எவரும் அழைக்காத சிறுவன் அந்த மண்டபத்தை முதுமையிலும் மறப்பதில்லை. ஒரு பிள்ளையை ஏற்ற வீட்டுக்கு அரசு வாரந்தோறும் 10 ஷில்லிங் 6 பென்ஸ் அளித்தது. ஒன்றுக்கு மேற்பட்டால் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ். அத்தொகைக்காக ஏற்றவர் உண்டு. தம் பிள்ளையைப் போலவே போற்றி, போருக்குப் பின்னும் உறவு விடாதவரும் உண்டு.

வந்த பள்ளிகளுக்குப் பல ஊர்களில் தனிக் கட்டடம் கிடைக்கவில்லை. ஊர்ப் பள்ளி காலையிலும் வந்த பள்ளி மாலையிலுமாக ஒரே கட்டடத்தில் முறைவைத்து நடந்தன. தேவாலயக் கூடங்களும் வகுப்பறைகளாயின. இளம் ஆசிரியர்கள் படைக்குச் செல்லவே, ஓய்வு பெற்றவர்களும் பெண் ஆசிரியர்களும் ஆண்கள் பள்ளிகளில் பாடம் நடத்தினர். பாடம் முடிந்ததும் ஆசிரியரின் பணி முடிந்துவிடவில்லை. மாணாக்கர் தங்கிய வீடுகளுக்குச் சென்று நலம் விசாரிப்பதும், ஒவ்வாத வீட்டிலிருந்து பிள்ளையை மாற்றுவதும், ஊரிலிருந்து தீய செய்தி வந்தால் அதை எடுத்துச் சொல்வதும் அவர்கள் பொறுப்பாயின. கட்டடத்தை விட்டு வந்த பின்னும் பள்ளி பள்ளியாக நிலைத்தது இவர்களாலேயே ஆகும்.

வீட்டை எண்ணிய நாள்கள்

டோவரில் தங்கிவிட்ட பெற்றோரின் நிலை கொடிது. 1940 ஆகஸ்டு முதல் 1944 செப்டம்பர் வரை, பிரான்சுக் கரையிலிருந்த பீரங்கிகள் அந்நகரைத் தாக்கின. நகரில் விழுந்த குண்டுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. விமானம் வருவதை முன்னரே அறியலாம். பீரங்கிக் குண்டுக்கோ முதற்குண்டு வெடித்த பின்னரே எச்சரிக்கை ஒலிக்கும். பாதுகாப்பான பள்ளத்தாக்கில் இருந்த மகன், ஆபத்தில் இருந்த தாய் தந்தையரை எண்ணிக் கவலையுற்றான். பிள்ளைகளைக் காக்கவே இடமாற்றம் நிகழ்ந்தது. ஆயின் அச்சத்தை அது ஒழிக்கவில்லை.

1944 டிசம்பரில் பள்ளி டோவருக்குத் திரும்பியது. ஜூன் 1940இல் பதினொரு வயதினனாகச் சென்ற சிறுவன் பதினாறு வயதை எட்டித் திரும்பினான். உயர்நிலைக் கல்வியின் பெரும்பகுதியை அவன் அயலார் வீட்டில் இருந்தே முடித்துவிட்டான். குரல் மாறி, உயரம் கூடி, சில வேளை பேச்சின் சாயலும் மாறி வந்த மகனைப் பெற்றோர் புதிதாக அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. கல்வி தடைப்படவில்லை என்று பள்ளிப் பதிவேடு கூறும். அதற்குக் குடும்பம் கொடுத்த விலையைக் கூறுவது பழைய மாணாக்கரின் நினைவே.

நினைவை எடைபோடும் முறை

எனினும் நினைவு முழுச் சான்றாகாது. முதுமையில் எழுதுவோர் ஆண்டுகளை முன்பின்னாகக் கூறுவது இயல்பு. 1940இலேயே மிட்டாய்க்குப் பங்கீட்டுச் சீட்டு இருந்ததென ஒருவர் கூறின், அது பிற்கால நினைவின் கலப்பாகும். மிட்டாய்ப் பங்கீடு தொடங்கியது 1942 ஜூலையில்தான். இதனால் அவர் பொய்யர் ஆகிவிடார். பங்கீட்டின் நாளை ஆவணத்திலும், பசியின் தன்மையை நினைவிலும் தேடுதல் வேண்டும். இன்பமாக இருந்தவர் விரும்பி எழுதுவர். துன்புற்றவர் பலர் வாய் திறவார். ஆகவே கிடைத்த நினைவுகளின் தொகை, நிகழ்ந்தவற்றின் தொகை அன்று என்பதும் கருதத்தக்கது.

டோவர்ப் பள்ளிக்கு ‘பாரோஸ்’ என்னும் இதழ் உண்டு. டோவர்க் கோட்டையில் இன்றும் நிற்கும் உரோமர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் பெயர் அது. பள்ளி இதழ், வருகைப் பதிவேடு, கடிதம், நேரில் கேட்ட சொல் ஆகியவற்றை அருகருகே வைத்து நோக்குவதே செம்மையான முறை. பிபிசி நிறுவனம் 2003 முதல் 2006 வரை பொதுமக்களின் போர்க்கால நினைவுகளைத் திரட்டியபோது 47,000 வரலாறுகள் சேர்ந்தன. அன்று பதினொரு வயதினராய் இருந்தவர் இன்று தொண்ணூற்றைந்து வயதைக் கடந்தவர். ஏட்டில் ஏறாத செய்தி இனி அவர்களோடு மறையும். மாணாக்கரின் மதிப்பெண்ணைப் பேணி வைக்கும் பள்ளிகள், அவர்கள் சொல்லையும் கேட்டு வைப்பது கடமை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.