ஒயின் திராட்சை வைக்கலாமா? புளிப்பைக் கணக்குப் பாருங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விலை இறங்கும்போது, ‘ஒயின் ரகம் வைத்துப் பார்க்கலாமா?’ என்ற எண்ணம் வருவது இயல்பு. அப்படிக் காதில் விழும் வெள்ளை ரகங்களில் ஒன்று சாவினியோன் பிளாங்க். நாற்றுக்குப் பணம் கட்டும் முன், இந்தப் பழத்தை எதற்காக வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பிரான்ஸ் நாட்டு ரகம் இது. அங்கே லுவார் ஆற்றுப் பகுதியிலும், நியூசிலாந்தில் மால்பரோவிலும், நம் நாட்டில் மகாராஷ்டிராவின் நாசிக்கிலும் சாகுபடியாகிறது.

இதன் ஒயினில் இனிப்பு இருக்காது. எலுமிச்சை போன்ற புளிப்பும், குடைமிளகாய் அல்லது அப்போதுதான் அறுத்த புல்லின் வாசனையும்தான் அடையாளம். வறுத்த மீனில் எலுமிச்சை பிழிந்தால் எண்ணெய்த் திகட்டல் அடங்குகிறதல்லவா? அந்த வேலையை இந்தப் புளிப்பு செய்கிறது. அதனால்தான் லுவாரில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோடும், மால்பரோவில் கடல் சிப்பிகளோடும் பரிமாறுகிறார்கள். நம் புளிக்குழம்புக்கு இது சேராது. உணவு அதிகம் புளித்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். காரம் தூக்கலாக இருந்தால், அதிலுள்ள ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும்.

ஆக, ஒயின் ஆலை உங்களிடம் வாங்குவது சர்க்கரையை மட்டுமல்ல, புளிப்பையும்தான். சிக்கலும் இங்கேதான். திராட்சையிலுள்ள மாலிக் அமிலம் வெப்பத்தில் வேகமாகக் குறையும். நாசிக்கில் மழை முடிந்ததும் காய்ப்புக் கவாத்து செய்கிறார்கள். குளிர்ந்த இரவுகளில் காய் வளர்ந்து, கோடை முற்றுவதற்குள் அறுவடை முடிகிறது. கம்பத்தில் ஆண்டு முழுக்கக் கவாத்து மாறி மாறி நடக்கிறது. கோடையில் பழுக்கும் காயில் சர்க்கரை ஏறும், புளிப்பு நிற்காது. பன்னீர் திராட்சையைப் போல நிறம் பார்த்தும் பறிக்க முடியாது. சாற்றின் சர்க்கரை, அமிலம் இரண்டையும் அளந்துதான் நாள் குறிக்க வேண்டும்.

கொத்து நெருக்கமானது, மழை பட்டால் அழுகும். கொத்தைச் சுற்றி இலை கிள்ளிக் காற்றோட்டம் கொடுங்கள். ஆனால் வெயில் அதிகம் பட்டால் அந்தக் குடைமிளகாய் வாசனை குறையும். எவ்வளவு கிள்ளுவது என்பதை ஆலையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காய் சிறியது, விதையுள்ளது. ஆலை எடுக்காவிட்டால் பழச்சந்தையில் விலை போகாது. சர்க்கரை, அமில அளவு, அறுவடை நாள், வண்டி வாடகை, சரக்கைத் திருப்பினால் நட்டம் யாருக்கு என்பதெல்லாம் எழுத்தில் இல்லாமல் ஓர் ஏக்கர்கூட மாற்றாதீர்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சைப் பந்தலை வெட்டுவது எளிது, திரும்பக் கொண்டுவர ஆண்டுகள் ஆகும். ஆர்வம் இருந்தால் பத்துக் கொடி மட்டும் வைத்து, குளிர்கால அறுவடையிலும் கோடை அறுவடையிலும் அமில அளவைக் குறித்து வையுங்கள். ஆலையிடம் பேசும்போது அந்தக் குறிப்பைக் கையில் கொண்டுபோங்கள்.