பழைய ஃபைபர் படகை வீட்டிலேயே சரி செய்ய முடியுமா? வெளியே தெரியும் விரிசலை விட ஆபத்தானது எது?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையின் தோற்றமே மாறிப்போனது. கட்டுமரங்கள் கிடந்த மணலில், நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் வரிசை கட்டி நின்றன. மரம் மாதிரி உளுக்காது, இரும்பு மாதிரி துருப்பிடிக்காது என்பதால் மீனவர்களும் சீக்கிரமே இதற்குப் பழகிவிட்டார்கள்.

அப்போது வந்த படகுகளுக்கு இப்போது 20 வயதுக்கு மேல். வெளுத்துப்போன நிறம், அடியில் தேய்மானம், ஆங்காங்கே ஒட்டுப்போட்ட தழும்புகள். இதைத் தூக்கிப் போடுவதா, சரி செய்து கடலுக்கு இறக்குவதா என்பதுதான் பல வீட்டு வாசல்களில் நிற்கும் கேள்வி.

சரி செய்யலாம். வீட்டு வாசலிலேயே செய்யலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம், பெரும்பாலானவர்கள் பார்க்கும் இடம் இல்லை.

ஃபைபர் என்றால் என்ன?

பேச்சுவழக்கில் ஃபைபர் என்று சொன்னாலும் அதில் இருப்பது 2 பொருட்கள். ஒன்று கண்ணாடி இழை, இன்னொன்று ரெசின். கான்கிரீட்டில் கம்பியும் சிமெண்டும் செய்யும் வேலையைத்தான் இவை இரண்டும் இங்கே செய்கின்றன. பலம் கொடுப்பது இழை, அதைப் பிடித்து வைத்திருப்பது ரெசின்.

இழை விரிப்பை மேட் என்பார்கள். அதை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்கிலும் ரெசினை ஊறவிட்டு படகின் உடம்பை உருவாக்குகிறார்கள். வெளியே பளபளப்பாகத் தெரிவது ஜெல்கோட் என்ற மெல்லிய மேல்பூச்சு. தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான், பலம் கொடுப்பது அது இல்லை.

அதனால் ஜெல்கோட்டில் மட்டும் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சுரண்டிப் பார்த்து, கோடு இழை வரை போயிருந்தால்தான் அது விரிசல். தோலில் கொப்புளம் மாதிரி எழும்பி, குத்தினால் வினிகர் வாடையோடு நீர் வந்தால், ஜெல்கோட்டைத் தாண்டி தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

முதலில் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

பழைய ஃபைபர் படகில் உயிருக்கு ஆபத்தான இடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது எஞ்சின் மாட்டும் பின்பலகைதான். வெளியே பார்த்தால் முழுக்க ஃபைபர். ஆனால் பெரும்பாலான படகுகளில் உள்ளே இருப்பது பிளைவுட். எஞ்சினைப் பிடிக்க அந்த மரத்தைத் துளைத்துத்தான் போல்ட் போடுகிறார்கள். அந்தத் துளையைச் சரியாக அடைக்காமல் விட்டால், அலை அடிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். இருபுறமும் ஃபைபர் மூடியிருப்பதால் வெளியே வரவும் வழியில்லை. மரம் உள்ளுக்குள்ளேயே மட்கும்.

9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் சுமார் 40 கிலோ எடை இருக்கும். எடையை விட, அது ஓடும்போது கொடுக்கும் தள்ளுவிசையும் அதிர்வும்தான் பெரிய சுமை. மட்கிய பலகை கரையில் சும்மா நிற்கும்போது எதையும் காட்டிக்கொடுக்காது. கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, அலையில் படகு தூக்கிப் போடும்போதுதான் விட்டுக்கொடுக்கும். எஞ்சின் கழன்று போவதோடு, பின்பக்கம் பிளந்து தண்ணீர் ஏறும்.

இதைக் கண்டுபிடிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். சின்ன சுத்தியல் ஒன்று போதும். பின்பலகை முழுக்க அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் டக் டக் என்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். மட்கிய இடத்தில் சத்தம் அமுங்கி, தொப் என்று கேட்கும். எஞ்சினின் மேல் பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது பலகையும் சேர்ந்து அசைந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? உள்பக்கத்தின் அடிப்பகுதியில் மெல்லிய துளை ஒன்று போடுங்கள். வெளியே வரும் மரத்தூள் வெளிறிய நிறத்தில் உலர்வாக இருந்தால் நல்லது. கறுத்து, ஈரமாகக் களிமண் மாதிரி வந்தால் உள்ளே மரம் போய்விட்டது. சோதித்த துளையை எபாக்ஸி வைத்து அடைக்க மறந்துவிடாதீர்கள்.

மட்கிய பலகையின் மேல் இன்னொரு அடுக்கு மேட் ஒட்டி பெயிண்ட் அடித்து முடிப்பது எங்கும் நடக்கும் வேலை. அது ரிப்பேர் இல்லை, மறைப்பு. சரியான வழி, உள்பக்க ஃபைபர் தோலை வெட்டி எடுத்துவிட்டு, மட்கிய மரம் முழுவதையும் சுரண்டி, வெளித்தோலை நன்றாக உலரவிட்டு, புது மரைன் பிளைவுட்டை ஒட்டுவதுதான். பிளைவுட்டின் ஓரங்களில் ரெசின் ஊறும்படி பூச வேண்டும், ஏனென்றால் தண்ணீர் முதலில் புகுவது ஓரத்தில்தான். அதன்பின் மேல் அடுக்குகளைப் பக்கவாட்டுச் சுவர்கள் வரை இழுத்து ஒட்ட வேண்டும்.

போல்ட் துளைக்கும் ஒரு வழி இருக்கிறது. தேவையை விடப் பெரிதாகத் துளைத்து, அதை எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் போல்ட் அளவுக்குத் துளைக்க வேண்டும். இப்படிச் செய்தால் பின்னாளில் தண்ணீர் கசிந்தாலும் அது மரத்தைத் தொடாது. அரை நாள் கூடுதல் வேலைதான்.

அடிப்பகுதி ஓட்டையை எப்படி அடைப்பது?

துறைமுகம் இல்லாத ஊர்களில் படகை மணலில் இழுத்து ஏற்றுகிறார்கள். அதனால் அடிப்பகுதி நடுக்கோடும் அணியத்தின் கீழ்ப்பகுதியும் முதலில் தேயும். இங்கே போடும் ஒட்டு சில மாதங்களில் உரிந்து வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பொருள் இல்லை, தயாரிப்பு.

உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள இடத்தில் ரெசின் பிடிக்காது. நல்ல தண்ணீரில் கழுவி, அசிடோனால் துடைத்து, பிறகுதான் தேய்க்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். முதலில் கிரைண்டரைப் போட்டால், பிசுக்கை உள்ளே தேய்த்து இறக்கிவிடுவோம்.

அடுத்தது ஈரம். கண்ணாடி மாதிரி பாலிதீன் தாள் ஒன்றை அந்த இடத்தில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, வெயிலில் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் இன்னும் காய வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பிறகு சரிவு. ஓட்டையின் விளிம்பைச் செங்குத்தாக விட்டு அதன்மேல் ஒட்டினால் புது ஒட்டு தனி மூடியாகத்தான் நிற்கும். படகின் தடிமனைப் போல 12 மடங்கு தூரத்துக்கு விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும் என்பது படகுத் தொழிலில் உள்ள கணக்கு. 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சுற்றிலும் 6 சென்டிமீட்டர். அதாவது 10 சென்டிமீட்டர் ஓட்டைக்கு 22 சென்டிமீட்டர் அகல இடத்தைத் தேய்க்க வேண்டும். நல்ல படகை ஏன் கெடுக்கிறோம் என்று மனசு கேட்காதுதான். ஆனால் ஒட்டு பிடிப்பது அந்தச் சரிவில்தான்.

எவ்வளவு பொருள் வாங்குவது? 450 கிராம் மேட் ஓர் அடுக்கு வைத்தால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமன் வரும். 1 சதுர மீட்டருக்கு 4 அடுக்கு என்றால் மேட் 1.8 கிலோ. ரெசின் அதைப் போல 2 முதல் இரண்டரை மடங்கு, அதாவது சுமார் 4 கிலோ. ரெசினை அதிகம் ஊற்றினால் பலம் கூடும் என்பது தவறான கணக்கு. இழை இல்லாத ரெசின் அப்பளம் மாதிரி நொறுங்கும். ரோலரால் உருட்டி காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவதில்தான் பலம் இருக்கிறது.

பாலியஸ்டரா, எபாக்ஸியா?

படகுகள் பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசினில் கட்டப்பட்டவை. விலையும் குறைவு. அடிப்பகுதி ஒட்டுக்கு அதுவே போதும். பழைய பரப்பில் எபாக்ஸி இன்னும் உறுதியாகப் பிடிக்கும் என்பதால், பின்பலகைக்கு மட்டும் எபாக்ஸிக்குச் செலவு செய்யலாம். ஆனால் எபாக்ஸிக்கு மேல் பாலியஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது, பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். சாதாரண மேட்டை ஒட்டியிருக்கும் பசையும் எபாக்ஸியில் கரையாது. அதற்கு நெய்த கண்ணாடித் துணி வாங்க வேண்டும்.

படகு மிதப்பதற்காக அறைகளில் தெர்மாகோல் வைத்திருப்பார்கள். அதன்மேல் பாலியஸ்டர் ரெசின் நேரடியாகப் பட்டால் தெர்மாகோல் கரைந்து பள்ளமாகிவிடும். இது தெரியாமல் மிதவை அறையைத் திறந்து ஒட்டியவர்கள் உண்டு!

கலவையில் ஒரு வெடி இருக்கிறது

கடையில் ரெசினோடு கோபால்ட் எனப்படும் ஆக்ஸிலரேட்டர், எம்இகேபி எனப்படும் கேட்டலிஸ்ட் என 2 பாட்டில்கள் தனித்தனியாகத் தருவார்கள். இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து வைப்பதும் வேண்டாம்.

கேட்டலிஸ்ட் அளவு, எடையில் 1 முதல் 2 சதவீதம். 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். நம்ம ஊர் வெயிலுக்குக் குறைந்த பக்கமே போதும், அதற்கும் கீழே போனால் உள்ளே சரியாக இறுகாது. வெயில் ஏறுவதற்கு முன் காலையில், சின்னச் சின்ன அளவாகக் கலந்து வேலை செய்வது நல்லது. ஒரு வாளி முழுக்கக் கலந்து வைத்தால் வாளியே சூடேறிப் புகைய ஆரம்பிக்கும்.

எம்இகேபி ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடி அணியாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிரைண்டர் போடும்போது பறக்கும் இழைத்தூளுக்குத் துண்டைக் கட்டிக்கொள்வது வேலைக்கு ஆகாது, தூசி முகக்கவசம் வேண்டும். ரெசின் வாடைக்கு அதுவும் போதாது, ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள கவசம் தேவை. வீட்டு வாசலில் செய்வதால் குழந்தைகளும் அடுப்பும் பீடியும் தள்ளியே இருக்கட்டும்.

அவசரம் எங்கிருந்து வருகிறது?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் கிழக்குக் கடலில் அமலாகும் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கானது. சிறிய நாட்டுப்படகுகள் அந்த நாட்களிலும் கடலுக்குப் போகும். அதனால் விசைப்படகுக்குக் கிடைப்பது போல மராமத்துக்கென்று ஒதுக்கிய காலம் ஃபைபர் படகுக்கு இல்லை. படகு வாசலில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லாத நாள். காலையில் ஒட்டி மறுநாள் இறக்குவது சோம்பலால் அல்ல, கையில் காசில்லாததால்.

ஆனால் ரெசின் தொட்டுப் பார்த்தால் காய்ந்திருப்பதும், உள்ளே முழுமையாக இறுகியிருப்பதும் வேறு வேறு. பின்பலகை மாற்றியிருந்தால் ஒரு வாரமாவது விடுவது பாதுகாப்பு. முழு வேலையையும் ஒரே மூச்சில் செய்ய முடியாதவர்கள் பெயிண்டையும் ஜெல்கோட்டையும் தள்ளிப்போடலாம், வெளுத்த படகு மூழ்காது. பின்பலகையைத் தள்ளிப்போட முடியாது.

எப்போது விட்டுவிட வேண்டும்?

பின்பலகையோடு உள்சட்டங்களும் மட்கி, நடந்தால் தரை அமுங்குகிறது என்றால், செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மிதவை அறைக்குள் தண்ணீர் ஊறிய படகு கரையில் இழுக்கும்போதே வழக்கத்தை விடக் கனக்கும். கைவிட்ட ஃபைபர் உடம்பை உருக்கி மறுபடி பயன்படுத்த முடியாது. எரித்தால் நச்சுப்புகை. அதனால்தான் பல ஊர்க் கரைகளில் அவை மண்ணில் புதைந்தபடி கிடக்கின்றன.

சரி செய்த படகை முதல் நாளே ஆழ்கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம். கரையோரத்தில் ஒரு மணி நேரம் எஞ்சினை ஓட்டிவிட்டு, கரையேற்றி போல்ட்களைச் சுற்றி ஈரம் இருக்கிறதா, பின்பலகை ஓரத்தில் புதுக் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயிண்ட் அடிக்கும்போது பதிவு எண்ணை அழித்திருந்தால், கடலுக்குப் போகும் முன் மறக்காமல் திரும்ப எழுதிவிடுங்கள்.