முட்டையா, உருண்டைக் கல்லா? அரியலூர் மண்ணைக் கேளுங்க!

ஆண்டிமடம்னு சொன்னதும் என்ன ஞாபகம் வரும்? முந்திரி! செம்மண், முந்திரித் தோப்பு, சீசன் வந்தா கையெல்லாம் பால் பட்டுப் புண்ணாகிற கொட்டை உடைக்கிற வேலை. ஆனா, அங்கிருந்து மேற்கே செந்துறை, அரியலூர்னு பஸ் பிடிச்சுப் போய்ப் பாருங்க. ஜன்னலுக்கு வெளியே மண்ணோட கலர் மாறும். சிவப்பு போய் மஞ்சள், சாம்பல், வெள்ளைனு சுண்ணாம்புப் பூமி வந்துடும்.

காரணம் சிம்பிள். ஒரு கட்டு நோட்டுப் புத்தகத்தை அடுக்கி, கிழக்குப் பக்கமாக லேசாகச் சாய்த்து வைத்தது போலத்தான் இந்த ஏரியாவின் பாறை அடுக்குகள் இருக்கின்றன. ஆண்டிமடம் பக்கம் மேலே தெரிவது பிற்காலத்துக் கடலூர் மணற்கல். மேற்கே போகப் போக, அடியில் இருக்கிற பழைய அடுக்குகள் தலைநீட்டும். பஸ் டிக்கெட் செலவில் பல கோடி வருஷம் பின்னாடி போய் வரலாம். அந்தக் காலத்தில் அங்கே இருந்தது கடல். இன்னிக்கு அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குப் போகிற சுண்ணாம்புக்கல், அந்தக் கடல் விட்டுவிட்டுப் போன சொத்துதான்.

கடல்னா நத்தை, சிப்பி, சுருள் சுருளா அம்மோனைட் எல்லாம் கிடைக்கும், சரி. டைனோசர் எங்கேயிருந்து வந்தது? சுமார் 7 கோடி வருஷத்துக்கு முன்பு, கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசியில், கடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. அந்த இடத்தில் ஆறுகள் ஓடி மணலும் களிமண்ணும் படிந்தன. அந்தப் படிவுக்குப் பேரே 'கல்லமேடு படிவு'. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு என்கிற குட்டி கிராமத்தின் பெயர் உலகம் முழுக்க ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வருகிறது. அந்த ஊர்க்காரங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்னு தெரியலை!

கல்லமேட்டில் கிடைத்த பெரிய எலும்புகளைப் பற்றி 1980-களின் கடைசியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் எழுதினார்கள். ப்ருஹத்காயோசரஸ் மேட்லியி என்று பெயர் வைத்தார்கள். 'பிரமாண்ட உடம்புப் பல்லி' என்று அர்த்தம். பின்பாதிப் பெயர், 1920-களில் இந்தப் பக்கத்து டைனோசர்களை ஆராய்ந்த சார்லஸ் மேட்லியின் நினைவாக. முழங்காலுக்குக் கீழே இருக்கிற அந்த ஒரு எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். நம்ம ஹாஸ்டல் கட்டிலில் கால் எலும்பை மட்டும் படுக்க வைத்தாலே வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும்!

முதலில் இதை மாமிசம் தின்னும் டைனோசர் என்று நினைத்தார்கள். பிறகு, நீளக் கழுத்துள்ள தாவரம் தின்னி என்ற முடிவுக்கு வந்தார்கள். அப்புறம் கிளம்பியது பெரிய சந்தேகம். "அது எலும்பே இல்லை, கல்லான மரமா இருக்கும்" என்றார்கள் சிலர். அந்தச் சந்தேகத்தையும் தப்பு சொல்ல முடியாது. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்துக் கிடக்கிறது. 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடித்தது. அப்படிப்பட்ட ஊரில் 'மரமா எலும்பா' என்று கேட்கத்தானே செய்வார்கள்?

எடுத்து வந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முடிந்தது விஷயம். ஆனால் எடுத்துப் பார்க்க எலும்பு இல்லை! களிமண்ணில் ஊறிப் பொலபொலத்துப் போயிருந்த எலும்புகள், மழைக்காலத்தில் உதிர்ந்து அழிந்துவிட்டன என்று 2017-ல் பதிவு செய்தார்கள். உலகத்திலேயே மிகப்பெரிய தரைவாழ் விலங்காக இருந்திருக்கக் கூடிய ஒன்று, ஆய்வக அலமாரியில் ஒரு துண்டுகூட மிச்சமில்லாமல் மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது. 2022-ல் பழைய போட்டோக்கள் வெளியானபோதுதான் பல நிபுணர்களின் சந்தேகம் தணிந்தது. 2023-ல் கிரிகரி பால், ஆசியர் லாராமெண்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதன் எடையை 110 முதல் 170 டன் வரை மதிப்பிட்டார்கள். அதாவது நீலத்திமிங்கிலத்தோடு போட்டி. ஆனால் போட்டோவை வைத்துப் போட்ட கணக்கு அது. கையில் எலும்பு இருந்தால் இவ்வளவு பெரிய இடைவெளி வந்திருக்காது.

சரி, பெரிசு போச்சு. சின்னது?

இங்கேதான் லேப் வேலை ஆரம்பம். டைனோசர் ஆராய்ச்சி என்றால் தொப்பி போட்டுக்கொண்டு பாலைவனத்தில் சுத்தியலால் தட்டுவது என்று சினிமா சொல்லிக் கொடுத்திருக்கு. நிஜத்தில் பாதி வேலை சல்லடை! மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி வந்து, தண்ணீரில் ஊறவைத்து, கண் சின்னதான சல்லடைகளில் அலசி, காயவைத்து, மிச்சத்தை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே பரப்பி, பிரஷ் நுனியால் ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்க வேண்டும். நம்ம வீட்டில் அரிசியில் கல் பொறுக்குவார்களே, அதே வேலைதான். இங்கே அரிசியைத் தள்ளிவிட்டுக் கல்லை எடுத்துக்கணும்!

அப்படித்தான் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஜி.வி.ஆர்.பிரசாத் குழு, கல்லமேட்டு மண்ணிலிருந்து ஒரு சின்னஞ்சிறு பல்லைக் கண்டெடுத்து 2013-ல் அறிவித்தது. ட்ரூடான்டிட் என்கிற வகை டைனோசரின் பல் என்றார்கள். அதுவரை அந்தக் குடும்பம் வட கண்டங்களில் மட்டும்தான் இருந்ததாக நினைத்திருந்தார்கள். அந்தக் காலத்து இந்தியா நடுக்கடலில் மிதந்துகொண்டிருந்த தனித் தீவு. அங்கே இது எப்படி வந்தது? ஒற்றைப் பல் கிளப்பிய கேள்வி!

கல்லமேட்டிலேயே கிடைத்த இன்னொரு ஆளு, குர்மாடெமிஸ் கல்லமெடென்சிஸ். 2001-ல் பெயர் சூட்டப்பட்ட ஆமை. கூர்மாவதாரமும் ஊர்ப் பெயரும் சேர்ந்த பெயர், கேட்கவே ஜோரா இருக்கு இல்லை? நம்ம ஊர் ஆமை பயந்தால் கழுத்தை நேராக உள்ளே இழுத்துக்கொள்ளும். இது பக்கவாட்டில் மடித்து ஓட்டுக்கு அடியில் செருகும் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூட இன்றைக்கு இந்தியாவில் இயற்கையாக வாழவில்லை. மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம்தான் இருக்கு. 7 கோடி வருஷத்துக்கு முன்பு செத்த ஆமை எப்படித் தலையை மறைத்தது என்பதைக்கூட எலும்பின் அமைப்பு சொல்லிவிடுகிறது பாருங்க. ஜுவாலஜி படிக்கிறவங்களே, எலும்புக்கூடு பிராக்டிகல்ஸை இனிமே கட் அடிக்காதீங்க!

இப்படி 'நடத்தையை' கண்டுபிடிப்பதில்தான் ஆராய்ச்சியாளர்களுக்குக் கிக். மகாராஷ்டிராவின் பிஸ்துராவில் கிடைத்த கல்லான சாணத்தை லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்தின் வந்தனா பிரசாத் குழு ஆராய்ந்தது. உள்ளே புல்லின் நுண்ணிய சிலிக்கா துகள்கள்! டைனோசர் காலத்தில் புல்லே கிடையாது என்ற பழைய பாடத்தை 2005-ல் அந்தச் சாணம் மாற்றி எழுதியது. மத்தியப் பிரதேசம் தார் பகுதியில் 92 கூடுகள், 256 முட்டைகள் பற்றி 2023-ல் கட்டுரை வந்தது. கூடுகள் நெருக்கமாக இருந்தன. அத்தனை பெரிய தாய் நடுவில் நடமாடினால் முட்டையெல்லாம் ஆம்லெட்தான். அதனால் முட்டையிட்டு மூடிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும் என்பது அவர்களின் யூகம். குஜராத்தில் அதைவிட த்ரில். 1987-ல் குட்டி டைனோசர் எலும்பு என்று சொல்லப்பட்ட ஒரு கல்லை மறுபடி பார்த்தபோது, பாதி எலும்புகள் பாம்பினுடையவை! முட்டைக்கூட்டுக்குள் சுருண்டு, குஞ்சு வெளியே வரும் நேரம் பார்த்துக் காத்திருந்த 3.5 மீட்டர் பாம்பு. 2010-ல் அதற்கு சனாஜே என்று பெயர் கிடைத்தது.

முட்டைனு வந்தாச்சு. 2009-ல் செந்துறை அருகே நூற்றுக்கணக்கில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழகக் குழு அறிவித்தபோது, செய்தித்தாள்களில் நம்ம மாவட்டம்தான் ஹீரோ. பிறகு 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் வெட்டும்போது பெரிய பெரிய உருண்டைகள் வந்தன. அவ்வளவுதான், 'டைனோசர் முட்டை' என்று வாட்ஸ்அப்பில் பறந்தது. போய்ப் பார்த்தவர்கள், அம்மோனைட் மீது படிவுகள் சுற்றிச் சுற்றி ஒட்டி உருண்ட கல் என்றார்கள். கடலடியில் செத்து விழுந்த உயிரியைச் சுற்றி இப்படி உருண்டை வளர்வது சகஜம்.

அப்போ நிஜ முட்டையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? உருவத்தை நம்பவே கூடாது. ஓட்டில் ஒரு சில்லை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமனாகும் வரை தேய்ப்பார்கள். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிசு! மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நிஜ ஓட்டில் கால்சைட் படிகங்கள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கும். நடுநடுவே குஞ்சு மூச்சுவிட வைத்த நுண்துளைகள் தெரியும். துளை நிறைய இருந்தால், மண்ணில் புதைத்து வைத்த முட்டை என்றுகூடச் சொல்லலாம். உருண்டைக் கல்லில் இதெல்லாம் எங்கே இருக்கப் போகுது? அரியலூர் முட்டை ஓட்டின் அமைப்பைப் பற்றி 1996-லேயே ஒரு ஜெர்மன் ஆய்விதழில் கட்டுரை வந்திருக்கிறது. அதாவது இங்கே டைனோசர் முட்டை உண்டு என்பது வாட்ஸ்அப்புக்கு முன்பே ஓட்டைத் தேய்த்துப் பார்த்துச் சொன்ன விஷயம்.

கவலையும் இருக்கு. சுரங்கம் தோண்டுவதால்தான் பல அடுக்குகள் வெளியே தெரிகின்றன. அதே சுரங்கத்தில்தான் எத்தனையோ புதைபடிவங்கள் அரைபட்டு சிமென்ட்டாகவும் போகின்றன. புவிப் பாரம்பரியத்தைப் பாதுகாக்க ஒரு வரைவு மசோதாவை மத்திய அரசு 2022 டிசம்பரில் கருத்துக் கேட்டு வெளியிட்டது. கல்லமேட்டு மழைக்கு முன்னாடியே வந்திருக்க வேண்டியது அது.

இதில் இறங்க ஆசையா? சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, சேலம் பெரியார் பல்கலைக்கழகம் என்று ஜியாலஜி படிக்க இடங்கள் இருக்கு. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கு, ஒரு லீவு நாளில் நண்பர்களோடு எட்டிப் பாருங்க. வயலிலோ ஓடையிலோ வித்தியாசமாக ஏதாவது கண்ணில் பட்டால் தோண்டி எடுத்துப் பையில் போட்டுக்காதீங்க. எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் போனால் பாதி மதிப்பு போச்சு. பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்கு வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுங்க, இடத்தைக் குறிச்சுக்கோங்க, பக்கத்துக் கல்லூரி ஜியாலஜி துறைக்குச் சொல்லுங்க. முடிந்தால் மழைக்கு முன்னாடியே.