வலி போச்சு, சர்க்கரை ஏறிச்சு!

தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தேன், 'சுருக்'கென்றது. சுளுக்குதானே என்று தைலம் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். நாளாக ஆக, வலி இடுப்பிலிருந்து பின்தொடை வழியாகக் கணுக்கால் வரை இறங்கியது. உட்கார்ந்து காய் நறுக்கக்கூட முடியவில்லை.

ஸ்கேனில், முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது. இரண்டு மாதம் மாத்திரையும் பயிற்சியும் கேட்காததால், முதுகில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றார் டாக்டரம்மா.

"ஸ்டீராய்டா! உடம்பு ஊதிப் போயிடுமேடி" என்று பயமுறுத்தினாள் அக்கா.

டாக்டரம்மாவிடமே கேட்டேன். "மாசக்கணக்கா மாத்திரை சாப்பிட்டாத்தான் அந்த பயம். இது நரம்பைச் சுத்தியிருக்கிற வீக்கத்தைக் குறைக்கும். ஆனா பிதுங்கின தட்டை உள்ளே தள்ளாது. பலன் சில வாரமோ, சில மாசமோதான். எல்லாருக்கும் கேக்கும்னும் சொல்ல முடியாது" என்றார்.

குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக மருந்து போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தினார்கள். சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் வலி பாதியாகக் குறைந்தது!

இங்கேதான் நான் செய்த அசட்டுத்தனம். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. "ஒரு வாரம் தினமும் சர்க்கரை பாரும்மா, ஏறும்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வலி போன சந்தோஷத்தில் மறந்தே போனேன். தீராத தாகம், தலைச்சுற்றல். என் கணவர் பரிசோதனைக்கு அழைத்துப் போனால், 340! மருந்தை மாற்றி, சில நாளில் இறங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

சகோதரிகளே, சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, காய்ச்சல், கர்ப்பம் எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஊசிக்குப் பிறகு காய்ச்சல், கடும் தலைவலி, கால் பலவீனம், சிறுநீர் கட்டுதல் வந்தால் உடனே ஓடுங்கள். முதுகெலும்பில் போடும் இந்த ஊசியால் அபூர்வமாகப் பக்கவாதமோ பார்வை இழப்போகூட வரலாம் என்று அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 2014-ல் எச்சரித்திருக்கிறது. கழுத்தில் போடுவதானால் இன்னும் நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊசி எனக்கு வாங்கித் தந்தது அவகாசம்தான். அந்த மாதங்களில் விடாமல் பயிற்சி செய்தேன். இன்றும் காலையில் காபிக்கு முன் பதினைந்து நிமிஷம் அதற்குத்தான். குடம் தூக்குவது? அது இப்போது என் பையன் வேலை!