நடுக்காட்டில் ஷூ பிய்ந்துவிட்டதா? கைகொடுக்கும் 100 கிராம் பை!

தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிச் செல்வார்களே, அந்தக் கோட்டூர் மலை இருப்பது தர்மபுரி மாவட்டத்தில்தான். இப்படியான மலைப்பாதையில் ஒருவரின் ஷூ பிய்ந்தால் மொத்தக் குழுவும் தாமதமாகும். யானைகள் நடமாடும் காட்டில் இருட்டிவிட்டால் ஆபத்து. அதற்குத்தான் இந்தக் குட்டிப் பை. எடை 100 கிராமைத் தாண்ட வேண்டாம்.

* டக்ட் டேப்: முழு உருளை தேவையில்லை. பழைய ஏ.டி.எம். கார்டில் 1 மீட்டர் சுற்றிக்கொள்ளுங்கள். மழைக்கோட்டுக் கிழிசலுக்கு உதவும். ஈரத்தைத் துடைத்துவிட்டு ஒட்டினால்தான் பிடிக்கும்.

* தடித்த ஊசி, நைலான் நூல்: பையின் தோள்பட்டை வார் அறுந்தால் தைக்கலாம். சாதாரண நூல் பாரம் தாங்காது.

* நைலான் கயிறு, 2 மீட்டர்: பிரிந்த சோலை ஷூவோடு சேர்த்துக் கட்டலாம். லேஸாகவும் பயன்படும்.

* ஊக்கு, கேபிள் டை, தலா 4: ஜிப் பழுதானால், பக்கிள் உடைந்தால் சமாளிக்கலாம்.

ஒரு முக்கியமான விஷயம். பரணில் பல வருடம் கிடந்த ஷூவை, புதுசு போல இருக்கிறதே என்று நம்பாதீர்கள். பாலியூரித்தேன் சோல், காற்றின் ஈரப்பதத்தாலேயே உள்ளுக்குள் சிதைந்து, நடக்கும்போது பொலபொலவென உதிரும். கிளம்பும் முன் ஒரு வாரம் அதைப் போட்டு நடந்து பாருங்கள்.

வனப்பகுதிக்குள் செல்ல வனத்துறை அனுமதி அவசியம். கிழித்த டேப்பையும் அறுந்த கயிற்றையும் காட்டில் போடாமல் திரும்ப எடுத்து வாருங்கள்!