மலையகம் கண்டோம்

கடல் கடந்து குடியேறிய தமிழருள், கடலோரத்தில் தங்காது மலைமுகடுகளிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவோர் இலங்கை மலையக மக்கள். தம் முன்னோர் அங்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை 2023ஆம் ஆண்டில் அவர்கள் நினைவு கூர்ந்தனர். அவ்வாண்டில் விடுப்புப் பெற்று அம்மலைநாட்டைக் கண்டு வரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் பதுளை செல்லும் புகைவண்டியில் ஏறினோம். இரயில்வே எழுத்தராகிய நமது பார்வை முதலில் தண்டவாளத்தின்மீது சென்றது இயல்பே. நம் நாட்டு அகலப்பாதையைப் போன்று அதுவும் 5 அடி 6 அங்குலம் கொண்டது. நீலகிரிப் பாதையிலுள்ள பற்சட்டம் அங்கில்லை. 44 அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் வளைந்து வளைந்தே வண்டி ஏறுகிறது. 1867இல் கண்டியை அடைந்த இருப்புப்பாதை 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் எட்டிற்று. வழியிலுள்ள பட்டிப்பொல நிலையம் 6,200 அடிக்கு மேல் அமைந்தது.

காப்பியை இறக்கிக் கொண்டுவரவே வெள்ளையர் இப்பாதையை விரும்பினர். 1869 முதல் பரவிய இலைநோயால் காப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பயிரிடத் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறினும் உழைத்த கைகள் தமிழர் கைகளே.

அட்டனில் இறங்கினோம். மூடுபனி விலகுந்தோறும் சரிவெங்கும் தேயிலை. இடையிடையே நீண்ட லயன் வீடுகள். ஒரு மாரியம்மன் கோயில். கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் நமக்குத் தேநீர் அளித்து, "தம்பிக்குச் சொந்த ஊர் எது?" என்று வினவினார். நாம் அல்சூர் என்றோம். "எங்க தாத்தா திருச்சிப் பக்கம்னு சொல்வாங்க. ஊர்ப் பேரு எங்களுக்குத் தெரியாம போச்சு" என்றார்.

ஊர்ப்பெயர் மறைந்தது, சீட்டுகள் மட்டும் அம்மக்களை விடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்துக்குச் செல்வோர்க்கு எண் பொறித்த தகரச் சீட்டு அளித்தனர். வழிப்பயணத்திற்கு அதுவே அடையாளம். கடன் விவரம் குறித்த 'துண்டு' இன்றி ஒருவர் வேறு தோட்டத்தில் சேர இயலாது. அம்முறை 1921இல்தான் ஒழிந்தது. இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றிய குடியுரிமைச் சட்டம் இவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. மறு ஆண்டு வந்த சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோருள் பெரும்பாலோர் மறுக்கப்பட்டனர்.

1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக் கொண்டன. அவ்வாறு வந்தோருள் பலர் நீலகிரியில் மீண்டும் கொழுந்து பறித்தனர். இலங்கையில் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கிற்று.

பெங்களூர்த் தண்டுப் பகுதிக்கு வந்த நம் முன்னோரும் பிழைப்பு நாடி வந்தவரே. அவர்கள் மலைக்குச் செல்லாது சமவெளியில் நின்றனர், வேறுபாடு அவ்வளவே. ஆதலின் ஒவ்வோர் இல்லத்தாரும் ஒரு குறிப்பேட்டில் முன்னோர் பெயர், ஊர், வட்டம், வந்த ஆண்டு ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் நலம். பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் அதனுடன் பேணுக. முதியோர் நம்மோடிருக்கும் இந்நாளிலேயே இதனைச் செய்து முடிப்போமாக.